லென்னியைச் சுட்ட துப்பாக்கி

ஜான் ஸ்டைன்பெக்கின் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' (1937) நாவலை முடித்துவிட்டு அழாதவர்கள் குறைவு. நானும் அழுதேன், கல்லூரிக் காலத்தில். பேங்க் வேலைக்கு வந்தபிறகு ரெண்டாவது தடவை படித்தபோது அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. முதல் தடவை என்னிடமிருந்து அந்த அழுகையை எதற்காக வாங்கினார்கள்?

கதை பலருக்கும் தெரிந்ததுதான். கலிபோர்னியாவில் பண்ணை பண்ணையாகப் போய்க் கூலிவேலை செய்யும் ரெண்டு வெள்ளைக்காரர்கள். ஜார்ஜ் விவரமானவன். லென்னி மலைமாதிரி ஆள், மனவளர்ச்சி குன்றியவன். (குன்றிய என்கிறோமே, அளந்து பார்த்தது யாராம்?) மெத்தென்று எது இருந்தாலும் தடவிப் பார்க்க ஆசை. தடவுகிற கையே கொன்றுவிடும். எலி, நாய்க்குட்டி, கடைசியில் முதலாளி மகனின் மனைவி. கும்பல் தேடி வருகிறது. அவர்கள் கையில் சிக்கக்கூடாது என்று ஜார்ஜே அவனைப் பின்னந்தலையில் சுடுகிறான்.

அந்தத் துப்பாக்கியைப் பாருங்க. கார்ல்சனுடையது. அதே துப்பாக்கியால்தான் முன்னாடியே கேண்டி கிழவனின் நாயைச் சுட்டார்கள். கிழடு, நாறுது, எதுக்கும் உதவாது. அதை நானே சுட்டிருக்கணும், வேத்தாள விட்டிருக்கக்கூடாது என்று கேண்டி அப்புறம் வருத்தப்படுகிறான். லென்னிக்கான தீர்ப்பை ஆசிரியர் அங்கேயே எழுதி முடித்துவிட்டார். அவனைக் கரடி, குதிரை, நாய் என்றுதான் வர்ணித்துக்கொண்டே போகிறார். மிருகமாக்கிவிட்டால் போதும், கொல்வது கருணையாகிவிடும்.

நாவலுக்கு வெளியிலும் இதுதான் நடந்துகொண்டிருந்தது. அதே கலிபோர்னியாவில் 1909-இல் கட்டாயக் கருத்தடைச் சட்டம் வந்தது. 1979-இல் ரத்தாகும்வரை சுமார் 20,000 பேருக்குச் செய்தார்கள். 1927-இல் பக் எதிர் பெல் வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றமும் இப்படிப்பட்ட சட்டம் செல்லும் என்றது. ரெண்டே வருசத்தில் ஃபாக்னரின் 'தி சவுண்ட் அண்ட் தி ஃப்யூரி'. அதில் பெஞ்சியைக் குடும்பமே காயடித்துவிடுகிறது. ஃபாக்னராவது முதல் பகுதியை பெஞ்சியின் மனசுக்குள்ளிருந்தே எழுதினார். ஆனால் பெஞ்சியைப் பின்னாலேயே அலைந்து பார்த்துக்கொள்வது யார்? கறுப்பு வேலைக்காரர்கள்.

ஸ்டைன்பெக்கிலும் ஒரு கறுப்பர் உண்டு. குரூக்ஸ். முதுகு வளைந்த லாயக்காரர். மற்றவர்கள் படுக்கும் கொட்டகைக்குள் அவருக்கு அனுமதியில்லை, நாறுகிறாராம். சேணம் வைக்கிற அறையில் தனியாகக் கிடக்கிறார். முதலாளியையும் ஸ்லிம்மையும் தவிர யாரும் எட்டிப்பார்க்காத அந்த அறைக்குள் விகல்பம் இல்லாமல் நுழைகிறவன் லென்னி. அவனுக்கு நிறக்கோடு தெரியாது. நல்ல காட்சிதான். ஆனா, அந்த வாசப்படியைத் தாண்ட 'அறிவில்லாதவன்'தான் வேணுமா? குரூக்ஸும் சும்மா இருக்கவில்லை. ஜார்ஜ் திரும்பி வராட்டி உன்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் நாய்மாதிரி கட்டிப்போடுவாங்க என்று சீண்டுகிறார். மிதிபட்டவருக்கு மிதிக்க ஒருத்தன் கிடைத்துவிட்டான். ஸ்டைன்பெக் இங்கே பொய் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தை நாம் தாண்டிப்போகக் கூடாது.

கதைதானே என்று விடவும் முடியாது. மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு மரணதண்டனை கூடாது என்று 2002-இல் உச்சநீதிமன்றம் சொன்னது. யார் அந்த வகை? 2004-இல் டெக்சாஸ் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மருத்துவ அளவுகோலோடு நிற்காமல் லென்னியைக் கூப்பிட்டது. லென்னிமாதிரி ஆளென்றால் விலக்குத் தர டெக்சாஸ்காரர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளலாம் என்று எழுதியது. கூடவே சொந்தமாகச் சில கேள்விகள். பொய் சொல்லத் தெரியுமா? திட்டம் போடத் தெரியுமா? தெரிந்தால் நீ லென்னி இல்லை.

2012 ஆகஸ்டில் மார்வின் வில்சன் என்கிற கறுப்பரை டெக்சாஸ் விஷ ஊசி போட்டுக் கொன்றது. ஒரு சோதனையில் அவருடைய அறிவுத்திறன் எண் 61. அப்பாவின் பாத்திரத்தை இதற்கா பயன்படுத்துவது என்று ஸ்டைன்பெக்கின் மகன் தாமஸ் கொதித்தார். 2017-இல் மூர் வழக்கில்தான் உச்சநீதிமன்றம் அந்தக் கேள்விப் பட்டியலைத் தூக்கி எறிந்தது. வில்சன் செத்து அப்போது ஐந்து வருசம் ஆகப்போகிறது.