புலிக்கு எத்தனை வெட்டு?

போன ஞாயிற்றுக்கிழமை பீளமேட்டில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கல்லூரிப் பிள்ளைகள் ஐந்து பேர் ஒரு புலியை வைத்து முக்கால் மணி நேரம் சண்டை போட்டார்கள். டீ கொண்டுபோன பாவத்துக்கு நானும் பஞ்சாயத்தில் உட்கார வேண்டியதாயிற்று.

ஆட்டம், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்தது. ஆளுக்கொரு பாத்திரம், கதையை நடத்த ஒருவர், அவர் டி.எம்.; அடி விழுந்ததா தப்பியதா என்பதை 20 முகப் பகடை சொல்லும். மிருகங்களுக்கென்றே தனிப் புத்தகம் உண்டு. (1977இல் வந்த முதல் புத்தகத்தில் நம் ராட்சசனுக்குப் புலித்தலை வைத்து, சுங்கானும் கொடுத்து வரைந்திருக்கிறார்கள். கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது.)

2014 பதிப்பில் புலியின் பாய்ச்சல் இப்படி: குறைந்தது 20 அடி நேராக ஓடிவந்து, அந்த முறையிலேயே நகத்தால் அறைந்தால், அடிபட்டவர் வலிமைச் சோதனையில் 13 எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் விழுவார். விழுந்து கிடந்தால் புலிக்குக் கூடுதலாக ஒரு கடி. மாடியில் என்ன ஆயிற்றென்றால், திருடன் அதற்கு முன்பே வழுக்கி விழுந்து கிடந்தான். புலி ஓடிவந்து அறைந்தது. கடிக்கலாமா?

“புலியா தள்ளுச்சு? அவனாத்தானே விழுந்தான்!” என்றாள் திருடனை ஆடிய பெண். டி.எம். பையன் புத்தகத்தை என் பக்கம் தள்ளினான்.

தமிழ் கைகொடுத்தது. ‘விழுந்தால்’ ஒன்று, ‘கிடந்தால்’ வேறொன்று. மூலத்தில் இருப்பது ‘கிடந்தால்’. யார் தள்ளியது என்று அது கேட்கவில்லை. ஆனால் ஓட்டமும் அறையும் முதலில் நடந்திருக்க வேண்டும். பக்கத்தில் படுத்திருப்பவனைப் புலி சும்மா கூடுதல் கடி கடித்துவிட முடியாது. இங்கே இரண்டும் நடந்திருந்தன. கடி உண்டு என்றேன். திருடன் செத்தான். அந்தப் பெண் டீயைத் தொடவில்லை.

படி இறங்கும்போது அப்புச்சி ஞாபகம். திண்ணையில் கரிக்கோடு, 23 புள்ளி, 3 கூழாங்கல் புலி, 15 புளியங்கொட்டை ஆடு. ஆடுபுலி ஆட்டத்துக்கு விதி மூன்றே வரி. பக்கத்து ஆட்டுக்கு நேர் அந்தப் பக்கம் காலியாக இருந்தால் புலி தாண்டி வெட்டலாம். எல்லா ஆடும் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. மூன்று புலியும் அடைபட்டால் ஆடு ஜெயித்தது. இந்த மூன்று வரியிலும் சண்டை வரும். ஒன்றை வெட்டிய புலி அதே மூச்சில் அடுத்ததையும் வெட்டலாமா?

“ஒரு வெட்டுத்தான் கண்ணு. புலியும் மூச்சு வாங்கோணுமில்ல” என்பார் அப்புச்சி. நொய்யலுக்கு அந்தக் கரையிலிருந்த சித்தப்பா, “பசிச்ச புலி கணக்குப் பார்க்குமாக்கும்?” என்று இடமிருக்கும்வரை வெட்டிக்கொண்டே போவார். அவரோடு ஆடினால் ஆடுகளை ஒன்று விட்டு ஒன்று வைக்கவே கூடாது. முதுகோடு முதுகு ஒட்டித்தான் வைக்க வேண்டும். ஒரு சொல் மாறினால் ஆட்டமே வேறு.

புத்தகம் தடித்தால் சண்டை குறையும் என்பது வெறும் நம்பிக்கை. ஆனால் திண்ணைக்காரர்கள் ஒன்று செய்தார்கள்: முதல் ஆட்டை வைக்கும் முன்பே, “ஒரு வெட்டா, தொடர் வெட்டா?” என்று கேட்டுக்கொண்டார்கள். மாடிக்காரர்கள் புலி பாய்ந்த பிறகு புத்தகத்தைத் திறந்தார்கள்.

எங்கள் பக்கத்து அண்ணன்மார் கதையில் கொம்பன் என்ற பெரும் பன்றியைக் கடித்துத் தளர்த்தியது பொன்னாச்சி என்ற சின்ன நாய். அது எப்படி ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. உடுக்கை அடிப்பவர் சொன்னால் சரி. கதைக்கு அது போதும். ஆட்டத்திலோ தோற்றவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார், காரணம் சொல்லியாக வேண்டும். அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன காரணம் சரிதான். சொன்ன நேரம்தான் தப்பு.

உங்கள் ஊரில் புலிக்கு எத்தனை வெட்டு? எத்தனை ஆடு போனால் புலி ஜெயித்த கணக்கு? ஆடுகள் இறங்கி முடியும் முன்பே புலி வெட்டலாமா? ஊர்ப் பெயரும், யாரிடம் கற்றீர்கள் என்பதும் சேர்த்து ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.