சோறும் சம்பளமும் சோதனைக்கு உரியவையே

நடுக்கடலில் துவாரம் விழுந்து தத்தளித்த மரக்கலமொன்றை, கையிலிருந்த கண்ணாடியை வீசி அடைத்து நாகூர் ஆண்டவர் காத்தருளினார் என்ற ஐதீகத்தைக் கேட்டு வளர்ந்த எங்களூர்க்காரர்களுக்கு, கப்பலுக்கு ஆபத்து என்றாலே அடிப்பலகையின் நினைவு வருவது சகஜம். ஆனால் 2012 அக்டோபர் 31 அன்று, நீலம் புயல் மகாபலிபுரத்தருகே கரையேறிய வேளையில், சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டுக் கிடந்த ‘பிரதிபா காவேரி’ என்னும் எண்ணெய்க் கப்பல் இழுத்துச் செல்லப்பட்டுப் பெசன்ட் நகர்க் கரையருகே தரைதட்டியபோது, அதனை அந்நிலைக்கு ஆளாக்கியது துவாரம் எதுவும் அன்று. ஆழ்கடலுக்கு விலகிச் செல்லப் போதிய எரிபொருள் இல்லை, மாலுமிகளுக்கு மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி, உணவுக்கும் தட்டுப்பாடு என்றே அந்நாளையப் பத்திரிகைகள் எழுதின. உயிர்காப்புப் படகில் இறங்கிக் கரை சேர முயன்றபோது அது கவிழ்ந்து ஆறு பேர் மாண்டனர். கப்பலிலேயே தங்கியவர்களை மறுநாள் ஹெலிகாப்டர் மீட்டது. நம் நதியின் பெயரைத் தாங்கிய கப்பலுக்கு இக்கதி நேர்ந்ததே என்று டெல்டாவாசிகள் வருந்தியதில் வியப்பில்லை.

படகையும் தீயணைப்புக் கருவியையும் பாரக்கோட்டையும் பார்த்துப் பத்திரம் வழங்குவதற்கு 1958-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் அப்போதே இருந்தது; பார்க்கும் சர்வேயர்களும் இருந்தார்கள். எனினும் பத்திரம் என்பது பரிசோதித்த நாளின் நிலைமைக்கே சாட்சி. அதன்பின் முதலாளியின் கை வறண்டு, கப்பல் மாதக்கணக்கில் சும்மா கிடக்குமானால், இரும்புக்கு முன்பாகவே மனிதர்கள் நலிந்துவிடுகிறார்கள். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-இல் ஏற்றதும், கைவிடப்பட்ட மாலுமிகளுக்கு நான்கு மாதச் சம்பளம் வரை ஈடு செய்யும் பொருளாதாரப் பிணை 2017 முதல் அவ்வுடன்படிக்கையின் விதியானதும் நல்ல மாற்றங்களே. ஆயினும் பிணைப் பத்திரமும் பத்திரந்தானே! சமையலறையையும் எரிபொருள் தொட்டியையும் நேரில் பார்ப்பதற்கு அது ஈடாகாது.

கப்பலொன்றை ஒரு நாள் நிறுத்தினால் எவ்வளவு நஷ்டம் என்று வர்த்தகர்கள் கேட்பார்கள். ஓடும் கப்பலைப் பற்றியாயின் அது நியாயமான கேள்வி, கிடக்கும் கப்பலுக்கு அது பொருந்தாது. எங்களூருக்கு வடக்கே வாஞ்சூரிலுள்ள காரைக்கால் துறைமுகத்துக்கு வரும் நிலக்கரிக் கப்பல்கள் முதல், சென்னை, தூத்துக்குடிக்கு வெளியே காத்துக் கிடப்பவை வரை, எந்தக் கொடி பறந்தாலும், ஆண்டுதோறும் ஐப்பசி பிறக்குமுன் சர்வேயர்கள் நேரில் ஏறி, மாலுமிகளின் சம்பளக் கணக்கையும் கேட்டுப் பார்க்க வேண்டுமென்று கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் உத்தரவிட வேண்டும்.