பழைய மோட்டாரின் காயிலைப் பிரிக்காதீர்கள்!

கம்ப்யூட்டர் பத்திரிகையில் மோட்டாருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. ஆர்வத்தோடு கம்ப்யூட்டர் வாங்குபவர்களில் பலர், எதையும் கையால் செய்து பார்க்கும் ஆசை உள்ளவர்கள். மாடியிலோ கார் ஷெட்டிலோ சின்னதாக ஒரு பட்டறை வைத்திருப்பார்கள். ஒரு டிரில்லிங் மெஷின், மரம் கடைய ஒரு லேத், ஒரு பென்ச் கிரைண்டர். இவற்றை ஓட்ட நல்ல மோட்டார் வேண்டும். விசைத்தறிக் கூடமோ மாவு மில்லோ மூடப்படும்போது, அங்கிருந்த த்ரீ பேஸ் மோட்டார்கள் காயலான் கடைக்கு வந்து எடைக்கு விற்கப்படுகின்றன. ஆனால் உங்கள் வீட்டில் இருப்பது சிங்கிள் பேஸ் இணைப்பு. என்ன செய்வது?

"காயில் கட்டும் கடையில் கொடுங்கள், சிங்கிள் பேஸாக மாற்றித் தருவார்கள்" என்பதுதான் பலரும் சொல்லும் யோசனை. நான் இதை ஏற்கவில்லை. காயில் எரிந்து போயிருந்தால் மாற்றுங்கள். நன்றாக இருக்கும் காயிலை அறுத்து எறிவது, வேலை செய்யும் மதர்போர்டைக் கழற்றி வீசுவதற்குச் சமம்.

காரணம் எளிது. த்ரீ பேஸ் மோட்டாரில் மூன்று காயில்களும் சேர்ந்து ஒரு சுழலும் காந்தப் புலத்தை உருவாக்குகின்றன. அதனால் மோட்டார் தானாகவே, முழு பலத்தோடு கிளம்புகிறது. சிங்கிள் பேஸில் அந்தச் சுழற்சி இயல்பாகக் கிடைக்காது. அதற்காகத் தனியாக ஒரு ஸ்டார்ட்டிங் காயில், கண்டென்சர், பல மோட்டார்களில் ஒரு சென்ட்ரிபியூகல் சுவிட்ச் எல்லாம் சேர்க்க வேண்டும். இவ்வளவு செய்தும் அதே உடம்பில் பழைய குதிரைத்திறன் கிடைக்காது. பணமும் போய், பலமும் போகிறது.

கண்டென்சர் வைத்தால் போதாதா?

காயிலைப் பிரிக்காமல், ஒரு கண்டென்சரை மட்டும் வைத்து த்ரீ பேஸ் மோட்டாரை ஓட்டும் முறையும் உண்டு. 230 வோல்ட்டில் ஒரு கிலோவாட்டுக்கு சுமார் 70 மைக்ரோபாரட் என்பது கணக்கு. செலவு குறைவு. ஆனால் மோட்டாரின் திறனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். கிளம்பும்போது பலம் மிகக் குறைவு. பாலீஷ் போடும் சக்கரம் போன்ற லேசான வேலைக்கு இது போதும். லேத்துக்கோ, இரும்பில் துளை போடும் மெஷினுக்கோ நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

என் யோசனை: டிரைவ்

வி.எப்.டி. அல்லது டிரைவ் என்று கடையில் கேளுங்கள். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இது அந்நியமான பொருள் இல்லை. உங்கள் கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். என்ன செய்கிறது? 230 வோல்ட் ஏசியை முதலில் சுமார் 325 வோல்ட் டிசியாக மாற்றுகிறது. டிரைவும் அதையேதான் முதலில் செய்கிறது. பிறகு உள்ளே இருக்கும் ஒரு சின்ன பிராசஸர், அந்த டிசியை வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டி, மூன்று பேஸாக மாற்றி மோட்டாருக்குத் தருகிறது. ஆக, மோட்டாரோடு இணைக்கும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் என்றே இதைச் சொல்லலாம். வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். திசையை மாற்றலாம். மெதுவாகக் கிளம்பச் செய்யலாம். வீட்டு விளக்குகள் மங்காது.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சிங்கிள் பேஸில் ஓடும் சாதாரண டிரைவ் 230 வோல்ட் த்ரீ பேஸ்தான் தரும். நம் ஊர் மோட்டாரோ 415 வோல்ட்டுக்கானது. இங்கேதான் வயரிங் மாற்றம் தேவைப்படுகிறது. காயிலை அல்ல, இணைப்பை மட்டும்.

சிறிய மோட்டார்கள் பெரும்பாலும் ஸ்டார் முறையில் இணைக்கப்பட்டவை. அதில் ஒவ்வொரு காயிலுக்கும் கிடைப்பது 415 வோல்ட் அல்ல, 415ஐ 1.732ஆல் வகுத்தால் வரும் 240 வோல்ட்தான். அதே காயில்களை டெல்டாவாக மாற்றினால், 230 வோல்ட்டிலேயே அவை கிட்டத்தட்ட முழு பலத்தோடு வேலை செய்யும்.

டெர்மினல் பெட்டியில் ஆறு முனைகள் இருந்தால் பட்டைகளை மாற்றிப் போட்டாலே போதும். மூன்று வயர்கள்தான் வெளியே வருகின்றன என்றால், மற்ற மூன்று முனைகளும் உள்ளே ஒன்றாக முறுக்கப்பட்டிருக்கும். அந்த முடிச்சைப் பிரித்து, ஒவ்வொரு முனைக்கும் புதிய வயர் பற்றவைத்து, ஸ்லீவ் போட்டு வெளியே கொண்டு வர வேண்டும். முடிச்சில் இருப்பவை மூன்றுமே காயில்களின் கடைசி முனைகள். எனவே எந்த முனை எந்த வயரின் ஜோடி என்று மல்டிமீட்டரில் பார்த்துவிட்டால் குழப்பமே இல்லை. முதல் காயிலின் கடைசியை இரண்டாவதின் தொடக்கத்தோடும், இரண்டாவதின் கடைசியை மூன்றாவதோடும், மூன்றாவதின் கடைசியை முதலாவதோடும் இணைத்தால் டெல்டா. உங்களுக்குப் பழக்கம் இல்லை என்றால் காயில் கட்டும் கடையிலேயே இதைச் செய்யச் சொல்லுங்கள். முழுக் காயில் கட்டுவதைவிட மிகச் சிறிய வேலை இது.

இவற்றை மறக்காதீர்கள்

1. டிரைவில் பயாஸ் செட்டப் போலவே பல எண்களைப் பதிய வேண்டும். ஆம்பியரை அப்படியே பார்த்து எழுதாதீர்கள். பெயர்ப் பலகையில் 415 வோல்ட்டுக்கு 1.8 ஆம்பியர் என்றிருந்தால், டெல்டாவில் அதை 1.732ஆல் பெருக்கி 3.1 என்று பதிய வேண்டும்.

2. பழைய மோட்டாரை முதலில் 500 வோல்ட் மெக்கரில் சோதியுங்கள். காயிலுக்கும் உடம்புக்கும் இடையே ஒரு மெகா ஓம்கூட இல்லை என்றால் டிரைவில் இணைக்காதீர்கள்.

3. டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஆன்-ஆப் சுவிட்ச் வைக்காதீர்கள். இரண்டுக்கும் எர்த் கட்டாயம்.

4. கரண்டை நிறுத்திய பிறகும் டிரைவுக்குள் இருக்கும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். அதன் மேல் எழுதியிருக்கும் நேரம் வரை காத்திருந்து பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

5. கரண்ட் போய் வந்ததும் மெஷின் தானாக ஓடக்கூடாது. அப்படி ஓடாத வகையில் செட்டிங் வையுங்கள். லேத்தில் கை வைத்திருக்கும்போது கரண்ட் வந்தால் விரல் போய்விடும்.

6. மெதுவாக ஓடும்போது மோட்டாரின் விசிறியும் மெதுவாகவே சுற்றும். குறைந்த வேகத்தில் நெடுநேரம் பாரம் கொடுத்தால் சூடாகும்.

7. டிரைவை உங்கள் கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் மாட்டவே மாட்டாதீர்கள். இரண்டையும் ஒரே பிளக் பாயின்ட்டிலும் மாட்ட வேண்டாம். டிரைவ் எழுப்பும் மின் இரைச்சலால் யுஎஸ்பி கருவிகள் துண்டிக்கப்படலாம். மோட்டாருக்குச் செல்லும் வயர் ஷீல்டு உள்ளதாக இருந்தால் நல்லது.

என் யோசனை எல்லோருக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஏற்கெனவே த்ரீ பேஸ் இணைப்பு இருந்தால் டிரைவே வேண்டாம். ஸ்டாரில் அப்படியே, சரியான ஸ்டார்ட்டர் வைத்து ஓட்டுங்கள். 3 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட மோட்டார் என்றால் வீட்டுப் பட்டறை ஆசையை விட்டுவிடுங்கள். அவற்றில் பல 415 வோல்ட் டெல்டாவுக்கே காயில் கட்டப்பட்டவை. 230 வோல்ட் டிரைவ் அவற்றுக்குப் போதாது. ஒரே வேகத்தில் ஓடும் ஒரு சின்ன கிரைண்டர் மட்டும்தான் தேவை என்றால், புதிதாக ஒரு சிங்கிள் பேஸ் மோட்டார் வாங்குவதே சிக்கனம்.

மற்றவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அந்த மோட்டாரின் இரும்பும் செம்பும் இன்னும் பல வருடங்கள் உழைக்கும். ஹார்டுவேர் நன்றாக இருக்கும்போது அதை உடைக்காதீர்கள். அதை ஓட்டும் முறையை மட்டும் மாற்றுங்கள்.