சாவி யார் கையில்?

1690-ம் வருஷத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். விற்கப்பட்டது கோட்டை மட்டுமன்று. அங்கிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எட்டும் தூரம் வரையுள்ள கிராமங்களும் கம்பெனியைச் சேர்ந்தன. குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்னும் பெயர்களில் அந்த வியாபாரத்தின் ஞாபகம் இன்றும் நிலைத்திருக்கிறது. எல்லையை ஒரு தரப்பாரே வகுத்துக்கொள்ளும் ஒப்பந்தத்தின் பலன் என்னவென்று நமது ஜில்லாவாசிகளுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

ஆயினும் நமது காரியாலயக் கம்ப்யூட்டர்கள் விஷயத்தில் நாம் மனமுவந்து செய்துகொண்டிருப்பது அத்தகைய ஒப்பந்தமே. 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமாக அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் கம்பெனி நிறுத்திற்று. குறுகிய கால நீட்டிப்பு உண்டெனினும் அது தவணையேயன்றித் தீர்வாகாது. 2018-க்கு முந்திய யந்திரங்களில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதுமில்லை. பழுதற்ற யந்திரத்தை எறிந்துவிட்டுப் புதிது வாங்குவதா, காவலற்ற யந்திரத்தில் கணக்கெழுதுவதா, களவுப் பிரதியை நாடுவதா என்பதே சிதம்பரத்து வக்கீல் குமாஸ்தாவுக்கும் கடலூர் அச்சுக்கூடத்தாருக்கும் முன் நிற்கும் கேள்வி. மூன்றும் நமக்குப் பெருமை தருவனவல்ல.

இது சில்லறைச் செலவைப் பற்றிய விஷயமென்று எண்ணுவோர் 2025 ஜூலையில் நடந்ததைச் சிந்திப்பாராக. ஐரோப்பிய யூனியன் விதித்த தடையை முன்னிட்டு, குஜராத்தில் எண்ணெய் ஆலை நடத்தும் நயாரா கம்பெனிக்கு மைக்ரோசாப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. விஷயம் டில்லி ஹைகோர்ட்டை எட்டிய பின்னரே சேவை மீண்டது. பெருங் கம்பெனிக்கே இக்கதியானால், கூட்டுறவுச் சங்கமும் தொழிலாளர் சங்கமும் யாரிடம் முறையிடும்?

இதற்கு மாற்று லினக்ஸ். 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் துவக்கிய முயற்சியும், 1991-ல் ஹெல்சிங்கி மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட மூலமும் சேர்ந்து உருவானது அது. அதன் மூலத்தை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிரதி செய்து பிறர்க்கு வழங்கலாம். இதுவும் அன்னியச் சரக்கன்றோ எனச் சிலர் ஆட்சேபிக்கலாம். விதை வெளியூரிலிருந்து வந்திருக்கலாம். ஆனால் மறு வருஷம் விதைக்க யாருடைய அனுமதியும் வேண்டாத விதை இது. 2007-ல் இந்திய சர்க்காரின் சி-டாக் ஸ்தாபனத்தார் டெபியனை ஆதாரமாகக் கொண்டு பாஸ் லினக்ஸை வெளியிட்டது அதற்கு அத்தாட்சி.

கஷ்டமே இல்லையென்று நாம் கூறவில்லை. சில கணக்கு நிரல்கள் விண்டோஸையே நாடி நிற்கின்றன. அவற்றுக்கென ஒரு யந்திரத்தை ஒதுக்கிவைப்பதில் தவறில்லை. பழைய எழுத்துருக்களில் அடித்த தஸ்தாவேஜுகளை யூனிகோடுக்கு மாற்றவும் வேண்டும். ஆனால் கடிதம், கணக்கு அட்டவணை, மின்னஞ்சல் ஆகியவற்றுக்கு லிப்ரே ஆபீஸும் பயர்பாக்ஸும் போதும். தமிழ்99 விசைப்பலகை அங்கும் உண்டு. ஒதுக்கிய பழைய யந்திரமொன்றில் டெபியனையும் சாம்பாவையும் ஏற்றினால் அதுவே காரியாலயத்தின் சர்வராகும். விண்டோஸ் யந்திரங்களும் அதில் கோப்புகளைச் சேமிக்கலாம். நமது தஸ்தாவேஜுகள் நமது அறையிலேயே இருக்கும். அவற்றின் மறுபிரதியை வேறோர் இடத்தில் வைப்பது நமது கடமை.

தமிழ்நாடு இவ்வழியை அறியாததன்று. 2006-க்குப் பின் எல்காட் ஸ்தாபனம் உமாசங்கர் நிர்வாகத்தில் லினக்ஸுக்கு மாறியது. அதிகாரி மாறியபின் அவ்வேகம் நிலைக்கவில்லை. கேரளத்திலோ ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்துப் பள்ளிகளில் வேரூன்றச் செய்தார்கள், அது நிலைத்தது. உத்தரவால் வந்தது உத்தரவால் போகும். ஜனங்கள் கற்றது போகாது என்பதே இதன் பாடம்.

ஆகவே சர்க்காரை எதிர்நோக்கிக் காத்திராமல், ஒவ்வொரு சங்கமும் காரியாலயமும் முதலில் ஒரு யந்திரத்தை மாற்றிப் பார்க்கட்டும். விழுப்புரத்து லினக்ஸ் பயனாளர் குழுவினர் பல வருஷங்களாகப் பிறர்க்குச் சொல்லிக்கொடுத்து வருகிறார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை மடியில் வைத்திருக்கும் சிதம்பரமும், அருகிலுள்ள கடலூரும் பின்தங்க நியாயமில்லை. கற்ற வாலிபர்கள் வாரம் ஒரு மாலைப்பொழுதை இதற்கு ஈவார்களா? வீட்டுச் சாவியைப் பிறர் கையில் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உரிமை பேசுவது நமக்கு அழகன்று.