தேசாபிமானமும் பிரயாணியின் உயிரும்

சுதேசிச் சாமான்களையே வாங்க வேண்டும் என்ற கொள்கையை நாம் மனப்பூர்வமாக ஆதரிப்பவர்கள். உள்ளூர் நெசவாளியின் துணி சற்று முரடாயிருந்தால் பாதகமில்லை, உடம்பு பொறுத்துக்கொள்ளும். ஆகாய விமானத்தில் குறையிருந்தாலோ, அதற்கு ஈடாகக் கொடுக்க வேண்டியது உயிர். இந்த வித்தியாசத்தை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு, பிரிட்டிஷ் தென் அமெரிக்க விமானக் கம்பெனியின் சரித்திரமே சாட்சி.

1945-ல் யுத்தம் முடிந்தபோது பிரிட்டனிடம் குண்டு விமானங்கள் ஏராளம். நெடுந்தூரப் பிரயாண விமானங்களோ மிகச் சொற்பம். அமெரிக்காவில் நல்ல விமானங்கள் கிடைத்தன. ஆனால் டாலர் முடை ஒருபுறம், தேசிய கௌரவம் மறுபுறம். ஆகவே இக்கம்பெனி பிரிட்டிஷ் விமானங்களையே நம்பிற்று. 1946 ஜனவரி 1-ந் தேதி ஹீத்ரோவிலிருந்து கிளம்பிய அதன் லங்காஸ்ட்ரியன் எத்தகையது? லங்காஸ்டர் குண்டு விமானத்தின் துப்பாக்கிகளை அகற்றி, 13 பேருக்கு ஆசனம் அமைத்ததே அது. யார்க் என்பது லங்காஸ்டரின் இறக்கைகளோடு புதிய உடலைச் சேர்த்தது. பின்னர் வந்த ட்யூடர், உள்ளே காற்றழுத்தம் காக்கும் வசதியுடையது. அதன் இறக்கைகளும் லிங்கன் குண்டு விமானத்தின் வழி வந்தவையே. ட்யூடரின் முதல் ரகத்தை, பி.ஓ.ஏ.சி. என்னும் மற்றொரு சர்க்கார் ஸ்தாபனம் 1947-ல் வேண்டாமென்று தள்ளியது.

1948 ஜனவரி 30-ந் தேதி 'ஸ்டார் டைகர்' என்ற ட்யூடர், அஸோர்ஸ் தீவிலிருந்து பெர்முடா செல்லுகையில் 31 பேருடன் மறைந்தது. ட்யூடர்களை நிறுத்திவைக்குமாறு மந்திரி உத்தரவிட்டார். கம்பெனியின் தலைவரும் யுத்தத்தில் பெயர் பெற்ற விமானியுமான பென்னட் அதைப் பகிரங்கமாக எதிர்த்துப் பதவியிழந்தார். மாக்மில்லன் பிரபுவின் விசாரணைக் கோர்ட்டு காரணம் இன்னதென்று கண்டுபிடிக்க இயலவில்லை என்றது. காரணம் தெரியாதிருந்தும் ட்யூடர்கள் மீண்டும் பிரயாணிகளை ஏற்றின! 1949 ஜனவரி 17-ந் தேதி, பெர்முடாவிலிருந்து ஜமெய்க்கா சென்ற 'ஸ்டார் ஏரியல்' நல்ல வானிலையில் 20 பேருடன் மறைந்தது. இரண்டிலிருந்தும் அபாயச் செய்தி வரவில்லை, சிதைவும் கிடைக்கவில்லை.

இயந்திரமே குற்றவாளி என்று நாம் தீர்ப்புக் கூறவில்லை. அதற்குச் சாட்சியமில்லை. ஆனால் கிரிமினல் கோர்ட்டில் சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளிப்பது நீதி. ஏனெனில் அங்கே எதிரியும் மனிதன். விமான விஷயத்தில் அந்தப் பலன் பிரயாணிக்கே உரியது. 1948-ல் அதை இயந்திரத்துக்கு அளித்தார்கள். டிக்கெட் வாங்கியவன் தன் உயிரைப் பரீட்சைக்குக் கொடுக்கச் சம்மதித்தவன் அல்லன்.

இரண்டாம் விபத்துக்குப் பிறகே இக்கம்பெனியின் ட்யூடர்கள் பிரயாணிகளை ஏற்றுவது நின்றது. அதே வருஷம் கம்பெனியும் பி.ஓ.ஏ.சி.யுடன் இணைக்கப்பட்டு மறைந்தது. எந்தப் பெருமையைக் காக்க முயன்றார்களோ, அந்தப் பெருமைக்கே பங்கம் வந்தது.

சொந்தமாக விமானம் செய்ய முற்படும் எந்த நாடும் இதை மனத்திற்கொள்ள வேண்டும். சுதேசி என்பது வாங்குபவனுக்கு மட்டும் விதித்த விரதமன்று. செய்பவனுக்கு அதைவிடக் கடுமையான விரதம். ஐயம் தீரும்வரை விமானத்தைத் தரையில் நிறுத்துவதில் தேசத்திற்கு எவ்வித அவமானமும் இல்லை. ஐயத்தோடு அதைப் பறக்கவிடுவதே அவமானம்.