மருத்துவ மாணாக்கரும் மனச்சார்பும்

2021ஆம் ஆண்டில், இணைந்து வாழப் பாதுகாப்புக் கோரி இரு பெண்கள் தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்தார். இப்பொருளில் தமக்கும் தவறான எண்ணங்கள் உண்டென ஒப்புக்கொண்ட அவர், உளவியலாளர் ஒருவரிடம் விளக்கம் கேட்டறிந்த பின்னரே ஆணை பிறப்பித்தார். அவ்வழக்கின் பயனாக, தன்பால் ஈர்ப்புடையோரை இழிவுபடுத்தும் செய்திகளைப் பாடநூல்களில் தவிர்க்குமாறு தேசிய மருத்துவ ஆணையம் அவ்வாண்டே அறிவுறுத்தியது. எனினும், 2024 ஆகஸ்டில் அவ்வாணையம் வெளியிட்ட பாடத்திட்டத்தில், பெண்களுக்கிடையிலான தன்பால் உறவு இயற்கைக்கு மாறான குற்றங்களின் வரிசையில் மீண்டும் இடம்பெற்றது. கண்டனம் எழவே, செப்டம்பரில் அது திரும்பப் பெறப்பட்டது.

ஏட்டைத் திருத்துவது மட்டும் போதாது என்பதற்கு இதுவே சான்று. மருத்துவர் தம்மை இழிவாக நோக்குகிறார் என்றுணரும் நோயாளி தம் குறையைச் சொல்லத் தயங்குவார். சொல்லாத நோய்க்குத் தக்க சிகிச்சை கிட்டாது. மனப்பான்மை, அறநெறி, உரையாடல் ஆகியவற்றுக்கென மருத்துவப் படிப்பில் 2019 முதல் தனிப் பாடப்பகுதி உள்ளது. தம் சாதி, சமயம், மொழி, வளர்ப்பு ஆகியவை தம் பார்வையை எவ்வாறு மாற்றுகின்றன என்று மாணாக்கர் ஆராயவும் ஆசிரியர்கள் அதில் நேரம் ஒதுக்குதல் வேண்டும். நீதிபதி ஒருவர் தாமே விரும்பிக் கற்றதை வருங்கால மருத்துவர் கற்பதில் இழுக்கொன்றும் இல்லை.