ஏட்டையாவுக்கு ஒரு தொடர் வேண்டும்

தமிழில் துப்பறிகிறவர்கள் யாரும் ஓய்வு பெறுவதில்லை. தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் குடித்தபடியே நாடு நாடாகச் சுற்றினார். சுஜாதாவின் கணேஷ் 1968-இல் 'நைலான் கயிறு' கதையில் அறிமுகமாகி, பின்னாளில் வசந்தையும் சேர்த்துக்கொண்டு, பல பத்தாண்டுகள் இளமை குன்றாமல் வழக்காடினார். ராஜேஷ்குமாரின் விவேக்குக்கோ பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்துக்கோ தலை நரைத்ததாக நினைவில்லை. இதில் எழுத்தாளர்கள் மேல் குற்றமில்லை. பஸ் ஸ்டாண்ட் கடையில் தொங்கும் மாத நாவலை எவரும் எந்த மாதமும் வாங்கலாம். நாயகனுக்குக் கடந்த காலம் என்று ஒன்று இருந்தால் புது வாசகர் தடுமாறுவார். ஆனால் அந்த வியாபாரம் சுருங்கிவிட்ட பிறகும் நாயகர்கள் மட்டும் ஏன் மூப்படையக் கூடாது?

அப்படி மூப்படைய நாயகருக்குக் கூடவே மாறும் ஓர் ஊர் வேண்டும். கிராமத்தில் மர்மக்கதை நடக்காமல் இல்லை. சுஜாதாவின் 'கரையெல்லாம் செண்பகப்பூ' இருக்கிறது. மதுரையில் வாழ்ந்து 2024-இல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜனின் 'விடாது கருப்பு' தொலைக்காட்சியில் ஊரையே உறையவைத்தது. இரண்டிலும் ஊர் ஒரு கதையோடு முடிந்துவிட்டது. ஆங்கிலத்தில் அகதா கிறிஸ்டி வேறு வழியில் போனார். 1926 நாவலிலேயே அவருடைய துப்பறிவாளர் ப்வாரோ ஓய்வு பெற்று, கிராமத்தில் தோட்டம் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய இன்னொரு துப்பறிவாளர் மிஸ் மார்ப்பிளின் ஊர் 1930-இல் நாவலில் நுழைந்தது. 1962-இல் வந்த கதையில் அதே ஊரின் ஓரத்தில் புதுக் குடியிருப்புகள் முளைத்துவிட்டன, மார்ப்பிளும் தள்ளாடுகிறார். தொடரின் பலமே இதுதான்: கொலைகாரன் யாரென்பது மறந்தாலும் ஊர் மாறியது மனதில் நிற்கும்.

தமிழில் அப்படியொரு தொடருக்கு மதுரையை ஒட்டிய விளாங்குடியை எடுத்துக்கொள்வோம். திண்டுக்கல் சாலையில் பேரூராட்சியாக இருந்த இந்த ஊர், மதுரையின் வார்டுகள் 72-லிருந்து 100 ஆன 2011-இல் மாநகராட்சிக்குள் வந்தது. இப்படிப்பட்ட ஊரில் வயல் பிளாட்டாகும். ஒரே இடத்துக்கு இரண்டு பத்திரம் வரும். வாரிசுச் சான்றிதழில் ஒரு பெயர் காணாமல் போகும். வில்லங்கச் சான்று சொல்லாததை டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஓய்வு பெற்ற ஏட்டையா சொல்வார். எந்த வரப்பு எந்த வருஷம் நகர்ந்தது என்பது அவருக்கு அத்துப்படி. புத்தகத்துக்கு ஒரு கொலை வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

கிராமத்தில் எல்லாருக்கும் எல்லாம் தெரியுமே, மர்மம் எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். தெரிவது வேறு, சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்வது வேறு. இதைவிடக் கனமான மறுப்பு சாதி பற்றியது. மேலூர் பக்கத்து மேலவளவில் 1997-இல் ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்ட ஆறு பேர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட மாவட்டம் இது. இங்கே சுகமான கிராமத்து மர்மக்கதை எழுதுவது பொய்யாகாதா? சுகமாக எழுதினால் பொய்தான். ஏட்டையாவுக்கும் ஒரு சாதி உண்டு, பணியில் இருந்தபோது கண்டும் காணாமல் விட்டவை உண்டு. அவற்றை முதல் நாவலிலேயே அவிழ்த்துக் கொட்ட முடியாது. ஐந்தாவதில், ஏழாவதில்தான் வெளிவரும். அதற்காகவே தொடர் தேவைப்படுகிறது. மதுரை எழுத்தாளர்களில் ஒருவராவது இதைத் தொடங்க வேண்டும். பதிப்பாளர்கள் முதல் மூன்று புத்தகங்கள் வரையாவது பொறுத்திருக்க வேண்டும்.